லீடர் வேலை வேண்டாம்

என் மருமகள் குணசுந்தரியைப் பற்றிக் கேட்டால் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லோரும் அவள் ரயிலில் போய்வருவதைத்தான் சொல்வார்கள். இருட்டோடு ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள். பெங்களூரில் ஒரு துணி ஃபேக்டரியில் நாளெல்லாம் காஜா மிஷினில் உட்காருகிறாள். அவள் திரும்பி வரும்போது லைன் வீடுகளில் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வீட்டுக்கு ஒருத்தராவது இப்படித்தான் போய்வருகிறார்கள், அதில் என்ன பெரிய சங்கதி? நான் சொல்ல வந்தது வேறு. அவள் தன் பெண்ணுக்குக் கிடைத்த ஒரு பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

பெண் பெயர் பவ்யா, மூன்றாம் வகுப்பு. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கெட்டிக்காரி. அம்மா இடுப்பில் இருந்த வயதிலேயே ஸ்டேஷன் பலகையைப் படித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. சுரங்கத்துக்கு அடியில் போகப் போக ஏன் சூடு என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். உன் தாத்தா கோபக்காரர், அவர் அங்கே வேலை செய்தார், அதனால்தான் என்றேன். அவள் நம்பவில்லை. குணசுந்தரி மட்டும் இந்த மாதிரிக் கேள்விகளை ரயிலுக்கு எடுத்துப்போவாள். கூட வருகிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் பதிலைக் கொண்டுவருவாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று வந்து சொல்லுவாள். பொய்யாக எதையும் சொல்லமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், ஆளுக்கொரு பக்கம். இரண்டுக்கும் சுமா மிஸ் ஒருத்திதான். பங்காருபேட்டைக்காரி, கன்னடம் கலந்து பேசுவாள், நல்ல மாதிரி. கணக்குக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் கோடு போட்டு முடிக்கும் முன்னால் பவ்யா முடித்துவிடுவாள். பிறகு கை சும்மா இருக்குமா? பக்கத்துப் பெண்ணின் சடையை அவிழ்ப்பாள், மிஸ் சொன்னதைத் திருத்துவாள். மிஸ் யோசித்துப் பார்த்து இவளை லீடர் ஆக்கிவிட்டாள். மிஸ் நான்காம் வகுப்புப் பக்கம் பாடம் நடத்தும்போது இவள் ஸ்கேலோடு நின்று, பேசுகிறவர்கள் பேரைப் போர்டில் எழுத வேண்டும். பேர் வந்தவன் வெளியே நிற்க வேண்டும்.

நாங்கள் குதித்தோம். எப்படிக் குதிக்காமல் இருப்பது? என் மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தன்மார் எல்லோரும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்டுக்குள், சுரங்கக் குழிக்குள், இறங்கினவர்கள். ஒருத்தர்கூட மேஸ்திரி ஆனதில்லை. மேஸ்திரி என்றால் மற்றவர்களை வேலை வாங்குகிறவர், அவர் சட்டை அழுக்காகாது. மூளை இருந்தால் அந்த இடத்துக்குப் போகலாம் என்றுதான் எங்கள் வீடுகளில் பேச்சு. மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு மேஸ்திரி வந்துவிட்டாள் என்று நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். என் மகன் மனோகர் லைன் முழுக்க லட்டு கொடுத்தான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவின் பின்னால் ‘பவ்யா, கிளாஸ் லீடர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான்.

தசரா லீவுக்கு முன்னால் மிஸ் அவனைக் கூப்பிட்டு, பவ்யா பரீட்சையில் பாதிக்கு மேல் தப்பாகப் போட்டிருக்கிறாள் என்றாள். இப்படியே போனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காரவைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். போன் பார்ப்பதுதான் காரணம் என்று மனோகர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். லட்டு தின்ற கண்ணெல்லாம் நல்ல கண்ணா? இப்போதும் அதைத்தான் சொல்வேன். குணசுந்தரி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிறவள். ஆயுத பூசைக்கு ஃபேக்டரியில் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்றார்கள், கூட்டிப்போகிறேன் என்றாள்.

அன்றைக்கு ரயிலுக்கும் பூசை. தினமும் போகிறவர்கள் சேர்ந்து தங்கள் பெட்டிக்கு மாவிலை கட்டி, வாழைக்கன்று வைத்து, பூசணிக்காய் உடைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பெட்டியில் நேசமணி என்று ஒரு நர்ஸ் வருகிறாள். பொரியும் பழமும் பங்கு போடுவது எப்போதும் அவள் பொறுப்பு. பெட்டியில் எழுபத்திரண்டு பேர், பழம் ஒன்பது டஜன், தலைக்கு ஒன்று கொடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பவ்யா அம்மாவின் காதில், “பாதிப் பேருக்கு இன்னொண்ணு குடுக்கலாம்மா” என்றாள்.

நேசமணி கிட்டே வந்துவிட்டாள். “இன்னாடி, நீதான் லீடராமே. எவ்ளோ மிஞ்சும், சொல்லு பாப்போம்.”

“இருபது, ஆன்ட்டி.”

சின்னப் பிள்ளைதானே என்று நேசமணி சிரித்துவிட்டு நகர்ந்தாள். எல்லோருக்கும் ஒன்று கொடுத்த பிறகு, சரியாகப் பாதிப் பெட்டிக்கு இரண்டாவது பழமும் கிடைத்தது. குணசுந்தரி கையில் இருந்த பழத்தை உரிக்கவே இல்லையாம்.

இறங்கி ஃபேக்டரிக்கு நடக்கும்போதுதான், என் காதில் ஒன்று சொல்லி ஆன்ட்டியிடம் வேறொன்று சொன்னாயே, ஏன் என்று கேட்டாள்.

“தெர்யும்னு சொன்னா லீடராவே வெச்சிப்பாங்கம்மா. நான் பேரெழுதினா ரூபேஷ் வெளிய நிக்கணும். ஷில்பா என்னெப் பாத்தாலே போலீஸ் வருதுன்றா. பாண்டி ஆட யாரும் சேத்துக்க மாட்றாங்க. தப்புத் தப்பா போட்டா வேற யாரயாச்சும் லீடர் ஆக்குவாங்க இல்ல?” அப்புறம் கேட்டாளாம், “இன்னும் எவ்ளோ தப்பு போடணும்மா?”

அதையெல்லாம் குணசுந்தரி அன்றைக்கு ராத்திரியே எங்களிடம் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்ததும் போய் லீடர் வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றாள்.

மனோகருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஆட்டோ பின்னால ஒட்டிகினு சுத்தறேன். இப்ப போய் வாணாம்னா இன்னா அர்த்தம்?”

“ஸ்டிக்கரெ நீங்க வெச்சிக்கோங்க. பொண்ணெ நான் பாத்துக்கறேன்” என்றாள்.

நான் மகன் பக்கம்தான் பேசினேன். தானாக வந்த பதவியை யாராவது உதறுவார்களா? பிள்ளை நாலு நாள் சிணுங்கும், பழகிவிடும் என்றேன். மருமகள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவள் அப்படி ஊற்றினால் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

லீவு முடிந்த அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அவள் தனியாகப் போய் எதையாவது கெடுத்துவிடக் கூடாதே என்று. சுமா மிஸ் எல்லாவற்றையும் கேட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பாவம், அவள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை.

“நோடம்மா, இவ்ளோ புத்தி இருக்கற பிள்ளெக்கு நான் வேற இன்னா வேலெ குடுக்கறது? சும்மா வுட்டா கிளாஸே கலஞ்சி போகுது.”

“வேலெ குடுங்க மிஸ். காவல் வேலெ வாணாம். அவளுக்கு வராத கணக்கு குடுங்க.”

மிஸ் நான்காம் வகுப்புப் பக்கம் பார்த்தாள். கணக்குப் பாடத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் உட்காரவைக்கலாம், மற்ற நேரம் தன் தோழிகளோடு இருக்கட்டும் என்றாள். ஆனால் அங்கே எல்லாம் பெரிய பிள்ளைகள். இவளுக்குத் தப்பு வரும், அழுவாள், பிறகு வீட்டிலிருந்து வந்து தன்னைக் கேட்கக் கூடாது என்றாள்.

“அழட்டும் மிஸ். நான் கேக்க மாட்டேன்” என்றாள் குணசுந்தரி. நான் கேட்பேன் என்று சொல்ல வாய் எடுத்தேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து லீடர் வேலை வாரம் ஒரு பிள்ளைக்கு. முதல் வாரமே ரூபேஷுக்குப் போனது. அறை சந்தைக்கடை மாதிரி இருந்தது என்று கேள்விப்பட்டேன். குழாயடியில் எங்கள் லைன் சகுந்தலா என்னைப் பார்த்து, “இன்னா அத்தெ, உங்க லீடரெ டிஸ்மிஸ் பண்ட்டாங்களாமே?” என்றாள். “டிஸ்மிஸ் இல்லடி, அவளே வேலெய வுட்டுட்டா” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் நான் என்ன வேண்டுமானாலும் பேசுவேன், வெளியாள் பேசினால் விடமாட்டேன். மனோகர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். ஷில்பா உடனே இளகிவிடவில்லை. ஒருநாள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தபோது வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள். பவ்யா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் மனசு ஆறியது.

ஆனால் கணக்கில் மட்டும் குணசுந்தரிக்குச் சந்தேகம் தீரவில்லை. நான்காம் வகுப்புக் கணக்கும் இவளுக்குச் சுலபமாக வந்தது, எல்லாம் சரியாகவே போட்டாள். ஆனாலும் தெரிந்ததை ஒருமுறை ஒளிக்கக் கற்ற பிள்ளை மறுபடி ஒளிக்காதா என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம்.

பொங்கல் கழிந்து ஒருநாள் பவ்யா பள்ளியிலிருந்து வந்து பையை மூலையில் எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஏதோ பின்னக் கணக்காம், எனக்கு என்ன தெரியும்? சோறு போட்டேன், தொடவில்லை. குணசுந்தரி ரயில் இறங்கி வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

“தப்பாப் போச்சு” என்றாள் பிள்ளை.

குணசுந்தரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “வேணும்னே போட்டியா?”

“இல்லம்மா. மூணு வாட்டி போட்டேன். நெஜமாவே தெர்ல.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

என் மருமகள் சிரிக்கிறாள். பிள்ளை அழுகிறது, அவள் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் புரியவில்லை என்று காட்டச் சொன்னாள். காட்டினாலும் குணசுந்தரிக்குப் புரியாது, எட்டாவதோடு நின்றவள், படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கும். மனோகரும் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. மூன்று தலைகளும் ஒரே பக்கத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. முதலில் சாப்பிடுங்கள், கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.