சந்தனப் பொட்டு வைத்த மோடம்

மாணிக்கவேல் அண்ணனுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு வேலைதான். ஃபேக்ஸ். பட்டுத் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நான் பார்சல் பகுதி. என் மேசைக்கு எதிரே அவர் மேசை. அதன்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் அதைப் போன் லைனோடு இணைக்கும், சோப்புப் பெட்டி அளவிலான ஒரு மோடம். பத்தாவது படித்த மனிதர், புத்தகம் வாங்கித் தானாகவே லினக்ஸ் கற்றுக்கொண்டார். அந்தப் பெருமையை வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கள் காதில் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தக் காலத்தில் யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஒரே ஒருவர், ஜப்பானில் துணிக்கடை வைத்திருக்கும் கிழவர். மெயில் பார்க்க மாட்டார். கட்டம் போட்ட தாளில் கரை டிசைனைக் கையால் வரைந்து அனுப்புவார். நாங்கள் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டு அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் நம்பரிலிருந்து வந்தால்தான் அவர் மெஷின் வாங்கும், வேறு நம்பர் என்றால் வெட்டிவிடும். அந்தக் கிழவர் இருக்கும்வரைதான் அண்ணனுக்கு நாற்காலி. இது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு டிசைன் வந்தது. பூஜை லீவு முடிந்து வரும் சனிக்கிழமை, அவர்கள் கடை மூடுவதற்குள் பதில் வேண்டும். அங்கே ஆறு மணி என்றால் இங்கே இரண்டரை.

பூஜைக்கு விட்ட லீவு முடிந்து திங்கட்கிழமை அண்ணன் மெஷினைப் போட்டார். மோடத்தில் விளக்கு எரிந்தது, ஆனால் கம்ப்யூட்டர் கூப்பிட்டால் பதில் இல்லை. கீபோர்டில் ‘ஏடி’ என்று இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் ‘ஓகே’ என்று திரையில் வர வேண்டும். வரவே இல்லை.

முதலாளி வெங்கடேசன் எட்டிப் பார்த்தார். “இன்னா மாணிக்கம், சனிக்கெழமைக்குள்ள போவுமா போவாதா? போவலன்னா சொல்லுபா, இந்த லைனையே எடுத்துடலாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. ஐம்பத்தேழு வயது. மகள் சந்தியா ஏனாத்தூர் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்த மோடத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

அதிலிருந்து அவர் பட்ட பாடு நாய் படாது. மோடத்தின் கேபிளைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முதல் சீரியல் போர்ட்டிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் சொருகினார். வேகத்தைக் குறைத்தார், கூட்டினார். போர்ட்டைத் தொடத் தன் பெயருக்கு அனுமதி உண்டா என்று லினக்ஸில் தேடினார், உண்டு என்றது. கேபிள்தான் கெட்டது என்று முடிவு கட்டி, வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறிப் பழைய சாமான் கடையில் வேறு கேபிள் வாங்கி வந்தார். புதன்கிழமை எதையோ மாற்றப்போய்க் கம்ப்யூட்டரே எழுந்திருக்க மறுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அதைச் சரி செய்யவே சாயங்காலம் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பூஜையன்று அவர் கையாலேயே மோடத்துக்கு முன்னும் பின்னும் அப்பிய சந்தனம் காய்ந்து கட்டியாக நின்றது.

“அண்ணா, மொதல்ல அந்தச் சந்தனத்த சொரண்டிட்டுப் பாருங்களேன். பின்னாடி பூரா மூடிக்கினு இருக்குது.”

“இன்னாமா பேசற? பூஜை போட்ட பொட்ட நாமளே எடுப்பமா? அது தானா உதிரணும்.”

எங்கள் ஊரில் தறிக்கு வைத்த பொட்டையும் அப்படித்தான் விடுவோம், உண்மைதான். ஆனால் அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீயாச்சு, உன் பொட்டாச்சு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டார். தோள் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, மோடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மன்னிச்சிடு சாமி” என்று ஒரு குண்டூசியால் பின்பக்கச் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் அரிசி அளவில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். கடைசி சுவிட்ச் மட்டும் இடம் மாறி இருந்தது. பழைய கையேட்டைப் புரட்டினார். கம்ப்யூட்டர் சொல்வது எதையும் மோடம் காதில் வாங்காதபடி ஆக்கும் சுவிட்ச் அது. பொட்டு வைக்கும்போது அவர் விரலே அழுத்தித் தள்ளியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

குண்டூசியால் அதைத் தள்ளிவிட்டுத் தட்டினார். ‘ஓகே’ என்று வந்தது. ஒன்று பத்துக்கு ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது. முதலாளி, “பரவால்லயேபா” என்றார். அண்ணன் எங்கள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார். மகளுக்கு போன் போட்டு அரை மணி நேரம் சீரியல் போர்ட்டைப் பற்றியே பேசினார். பாவம், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மோடம் கத்தியது. அண்ணன் ஓடிவந்து உட்கார்ந்தார். பிரின்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. டிசைன் இல்லை. ஆங்கிலத்தில் நாலு வரி, கிழவரின் மகன் எழுதியது. அப்பா வியாழக்கிழமை காலமாகிவிட்டார். உங்கள் பதில் கிடைத்தது, நன்றி, ஆனால் இந்தத் துணி இனி வேண்டாம். கடையை மூடுகிறோம். இந்த ஃபேக்ஸ் லைனும் மாதக் கடைசியோடு நின்றுவிடும்.

அவர் இரண்டு தடவை படித்தார். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்ற சந்தேகத்தில் என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். கிழித்துக் குப்பையில் போட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவர் வழக்கம்போல மூலையில் தேதி முத்திரை குத்தினார். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“லைன் எவ்ளோ க்ளீனா இருக்குது பாத்தியா ரேவதிமா? ஒரு எழுத்துகூட மங்கல.”

பிறகு எழுந்து முதலாளி அறைக் கதவைத் தட்டினார்.

“மொதலாளி, ஃபேக்ஸ் வந்திருக்குது.”