விசில் ஊதியாயிற்று, யாரும் எழும்பவில்லை

போன மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. என் வீட்டு ஹோலில் இருந்து ஓர் அலறல்.

அடுப்பில் சொதி. கையில் அகப்பை. அப்படியே ஓடி வந்து பார்த்தால்... என் தம்பி டெரன்ஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவிக்கு முன்னால் தலையில் கை வைத்தபடி நிற்கிறான்.

"என்னடா, ஆருக்கு என்ன?"

"என்ட டீம் தோத்திட்டு அக்கா!"

டெரன்ஸ் அமெரிக்காவுக்குப் போய் முப்பது வருஷம் இருக்கும். நீண்ட லீவில் புளியந்தீவுக்கு வந்திருக்கிறான். எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த ஊர் ஃபுட்போலை மட்டும் விட முடியவில்லை. நம்முடைய உதைபந்து இல்லை, அது வேறு. முட்டை வடிவப் பந்து. தலையில் ஹெல்மெட். தோளில் தலையணையை வைத்துத் தைத்தது போல ஒரு சட்டை. காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் கையில் தூக்கிக்கொண்டு ஓட்டம்! பிறகு ஏன் அதற்கு ஃபுட்போல் என்று பெயர் என்று கேட்டேன். "அதக் கேக்கப்படா அக்கா" என்றான்.

அங்கே ஞாயிறு இரவு ஆடுகிற ஆட்டம் இங்கே திங்கள் விடியும்போது வரும். அன்றைக்கு அவனுடைய டீமில் நன்றாக ஓடுகிற ஒருவர் ஆடவில்லை. ஆட விடாமல் ஓரத்து வாங்கில் உட்கார வைத்துவிட்டார்களாம். குற்றம் என்ன? முந்தைய வாரம் மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டியில், தன் ஊரில் மூடப் போகிற ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிக்கொண்டு ஆடியிருக்கிறார். உடுப்பில் எதுவும் எழுதக்கூடாது என்பது விதி.

"சரியான தண்டனை" என்றான் டெரன்ஸ். "விளையாட வந்தா விளையாடிப்போட்டுப் போகணும். மத்த வேலை என்னத்துக்கு?"

"அவர் இல்லாமத்தானேடா தோத்த நீங்க?"

"தோத்தாலும் பரவாயில்ல. ஒழுக்கம் முக்கியம் அக்கா." இதைச் சொன்னது தலையில் இருந்து இன்னும் கையை எடுக்காத மனிதன்!

சில வருஷங்களுக்கு முன் அங்கே தேசிய கீதம் பாடும்போது வீரர்கள் சிலர் முழந்தாளிட்ட கதையையும் சொன்னான். கறுப்பினத்தவரைப் பொலிஸ் நடத்துகிற விதத்துக்கு எதிர்ப்பு. நாடே இரண்டுபட்டது. பாதிப் பேர் அவர்களோடு நின்றார்கள், பாதிப் பேர் கோபத்தில் டிவியை நிறுத்தினார்கள். டெரன்ஸ் நிறுத்திய கட்சி. "ரெண்டு கிழமை பாக்கல்ல. அதுக்கு மேல ஏலல்ல."

இதையெல்லாம் இடியப்பத்தைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள் ஜெனி. எங்கள் தங்கையின் மகள், என் பெறாமகள். பக்கத்துப் பாலர் பாடசாலையில் ரீச்சர். பின்னேரங்களில் எங்கள் கழகத்தின் பெண்கள் உதைபந்து அணிக்குக் கெப்டன்.

"மாமா," என்றாள், "அவர் முதல்ல வாயால கேட்டவரா? பள்ளிக்கூடத்த மூட வேணாமெண்டு?"

"கேட்டிருப்பான். ஆருக்குத் தெரியும்?"

"அதான்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த 'அதான்' எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. சொதி பொங்கிவிட்டது!

அந்தச் சனிக்கிழமை எங்கள் கழகம் நடத்துகிற பெண்கள் போட்டியின் முதல் ஆட்டம். எதிரணி கிரானில் இருந்து வந்திருந்தது. வாவிக் கரையோர மைதானத்தில் கொடி, ஸ்பீக்கர், மாலை போட்ட பிரதம விருந்தினர், எல்லாம் அமர்க்களம். கழகச் செயலாளர் தவம் அண்ணன் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தார்.

தவம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மைதானத்தின் புல்லைத் தானே வெட்டுவார். சுண்ணாம்புக் கோட்டைத் தானே போடுவார். ஒரு நெருஞ்சி முள் எங்கே கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். பெண்களுக்கு அணி வேண்டும் என்று ஊரோடு சண்டை பிடித்தவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. கோபக்காரர்.

நடுவர் விசில் ஊதினார்.

எங்கள் பிள்ளைகள் பதினொரு பேரும் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தார்கள்.

கூட்டம் முதலில் சிரித்தது. ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்திருக்கும். நடுவர் மறுபடியும் ஊதினார். யாரும் எழும்பவில்லை. அவர் விசிலை உதறிப் பார்த்தார், பாவம்! கிரான் அணியின் கெப்டன் பந்தைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஜெனியிடம் வந்தாள். நான் கோட்டுக்குப் பக்கத்தில், விருந்தினர் வரிசையில்தான் இருந்தேன், காதில் விழுந்தது.

"என்னத்துக்கு கா இருந்திட்டீங்க?"

"கிரவுண்டில எங்களுக்கு டொய்லெட் இல்ல. கேட்டுக் கேட்டுக் களைச்சிட்டம்."

அந்தப் பிள்ளை ஒரு கணம் யோசித்தாள். "எங்கட கிரவுண்டிலயும் இல்லதான்" என்றாள். பிறகு தன் அணியைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கீழே காட்டினாள். "இரிங்க புள்ளையள்!"

இருபத்திரண்டு பேர். சுண்ணாம்புக் கோட்டுக்குள் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பிரதம விருந்தினர் என் பக்கம் சாய்ந்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "இதுவும் நிகழ்ச்சி நிரலில இருக்கா மிஸ்?"

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பி ஆடுவதுதான் ஜெனியின் திட்டம். அதற்குள் தவம் அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். "மெச் ரத்து. எல்லாரும் வீட்ட போகலாம்."

அடுத்த செவ்வாய் பின்னேரம் கழக மண்டபத்தில் ஒழுக்காற்று விசாரணை. குழுவில் ஐந்து பேர். நான்கு ஆண்கள், ஒரு நான். 'ஒரு பெண்ணும் இருக்க வேண்டும்' என்பதற்காக உபதலைவர் ஆக்கப்பட்டவள். ஜெனி என் பெறாமகள், நான் விலகவா என்று கேட்டேன். தலைவரின் மகள் கோல்கீப்பர். பொருளாளரின் மச்சாள் முன்வரிசையில் ஆடுகிறாள். விலகுவதென்றால் கதிரைகள் மட்டும்தான் மிஞ்சும்!

தவம் அண்ணனின் முன்மொழிவு: கெப்டனுக்கு ஒரு வருஷத் தடை.

அடுத்த மாதம் மாகாண அணிக்குத் தெரிவு. தடை விழுந்தால் ஜெனி அந்தப் பக்கமே போக முடியாது. வருகிற வருஷம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு வரலாம், வேறு ஊருக்கு வேலை மாறலாம்... பெண் பிள்ளையின் விளையாட்டில் ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம் மட்டுமா?

தலைவர் தொடங்கினார். "தங்கச்சி, நீங்க கேட்ட விஷயம் பிழையில்ல. கேட்ட விதம்தான்..." பொருளாளர்: "அந்த வசதி தேவைதான். ஆனா விருந்தினருக்கு முன்னால..." மற்றவர்: "அத மழைக்குப் பிறகு பாத்திருக்கலாம்."

கவனித்தீர்களா? ஒருவர்கூட 'கேட்டது தவறு' என்று சொல்லவில்லை. இப்படி இல்லை, இங்கே இல்லை, இப்போது இல்லை! அமெரிக்காவிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். சரி, எப்படி, எங்கே, எப்போது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது. அதைவிட வேடிக்கை, நான்கு ஆண்களுக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. 'அந்த விஷயம்', 'அந்த வசதி', 'அது'...

கதவு படாரென்று திறந்தது. டெரன்ஸ்! சப்பாத்து, நீளக் காற்சட்டை, சேர்ட் எல்லாம் போட்டு வந்திருந்தான்.

"நான் புள்ளைட மாமா. இத நான் சும்மா விடமாட்டன். அமெரிக்காவில ஒரு பிளேயர இப்படி விசாரிச்சா, பக்கத்தில லோயர் இருக்கணும். யூனியன் இருக்கணும்..."

"அமெரிக்காவில கிரவுண்டில டொய்லெட்டும் இருக்கும் தம்பி" என்றார் தவம் அண்ணன். "இரிங்க."

டெரன்ஸ் உட்கார்ந்தான்.

அறை சிரித்து அடங்கியதும் தவம் அண்ணன் ஜெனியைப் பார்த்தார். கோபம் வடிந்து குரலில் வருத்தம் தெரிந்தது. "இந்த டீம ஆர் உண்டாக்கின, புள்ள? எத்தின பேரிட்டப் பேச்சு வாங்கினனான். என்ட மானத்த ஸ்பீக்கருக்கு முன்னால வாங்கிட்டீங்களே."

ஜெனியின் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"உங்கள அவமானப்படுத்த நினைக்கல்ல அங்கிள். நாங்க இந்த வருஷம் தொடங்கினதில இருந்து கேக்கிறம். பாப்பம் எண்டீங்க. பொடியனுகளுக்கு வாவியோரம் கண்ணாப் பத்தை மறைப்பு இருக்கு, அந்தப் பக்கம் போயிட்டு வருவானுகள். நாங்க எங்க போற? பிராக்டிஸ் நாள்ல நாங்க பகலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணியே குடிக்கிறல்ல."

அவள் தவம் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சுவேதா மயங்கி விழுந்தவள்தானே. நீங்கதான் தூக்கிக்கொண்டு ஓடின நீங்க. வெயில் எண்டு சொன்னீங்க. வெயில் இல்ல அங்கிள். அவள் காலையில இருந்து தண்ணி குடிக்கல்ல."



அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. வழக்கம் போல இஞ்சி போட்ட தேநீர். தவம் அண்ணன் வீட்டில் இருந்து போத்தலில் போட்டுக்கொண்டு வருவது. அவர் கை தன்பாட்டில் ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தியது. நான் வழக்கம் போல வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"நீங்க ஒரு நாளும் என்ட தேத்தண்ணியக் குடிக்கிறல்லயே, மிஸ்" என்றார். மனதில் நெடுநாள் கிடந்தது போல வந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சொல்லிவிட்டேன்.

"அண்ணன், நல்ல தேத்தண்ணி எண்டு மணத்திலயே தெரியும். கூட்டம் முடிய ரெண்டு மணித்தியாலம் ஆகும். இந்த மண்டபத்திலயும் டொய்லெட் இல்ல. அதான் குடிக்கிறல்ல. இண்டைக்கும் பகலைக்குப் பிறகு நான் ஒண்டும் குடிக்காமத்தான் வந்திருக்கன்."

இதைச் சொல்லும்போது என் முகம் சுட்டது. இத்தனை வருஷம் பத்தி எழுதுகிறேன், எதைப் பற்றியெல்லாமோ எழுதியிருக்கிறேன். இதைச் சொல்வதற்கு ஓர் இருபத்திநாலு வயதுப் பிள்ளை முதலில் புல்லில் உட்கார வேண்டியிருந்தது.

தவம் அண்ணன் எழும்பி வெளியே போனார். வாவிப் பக்கம் பார்த்தபடி நின்றார். போய்விடுவாரோ என்று பயந்தேன். திரும்பி வந்தார்.

"ஒரு வருஷத்த எடுத்திருங்க. ஒரு மெச் மட்டும் நிக்கட்டும். விதிய நானே முறிக்க ஏலா" என்றார். பிறகு ஜெனியிடம்: "சம்மதமா, புள்ள?"

"ஓம் அங்கிள்."

டெரன்ஸ் மேல்முறையீடு என்று ஏதோ ஆரம்பித்தான். ஜெனி அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

ரத்தான ஆட்டம் மறுபடி நடந்தது. ஜெனி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கெப்டன் இல்லாத எங்கள் அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றது. கிரான் கெப்டன் ஆட்டம் முடிந்ததும் நேரே வாங்குக்கு வந்து ஜெனியைக் கட்டிப்பிடித்தாள். "அடுத்தது எங்கட கிரவுண்டில" என்றாள். அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சா, மற்றதைப் பற்றிய பேச்சா... நான் கேட்கவில்லை.

மாகாணத் தெரிவுக்கு ஜெனி போய் வந்தாள். மாற்று வீராங்கனையாக எடுத்திருக்கிறார்கள். "மாற்றெண்டாலும் எடுத்ததுதான் பெரியம்மா" என்கிறாள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

மழை தொடங்க முன் கட்டி முடித்துவிட்டார் தவம் அண்ணன். மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில். பெண்களுக்கென்று இரண்டு அறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், ஒரு பல்ப். மேசனோடு அவரும் நின்று கல் எடுத்துக் கொடுத்தார். ரிப்பன், விருந்தினர் எதுவும் இல்லை. கதவுத் திறப்பைக் கொண்டுவந்து ஜெனியின் கையில் கொடுத்துவிட்டு, கோல் கம்பத்தில் வலை கட்டப் போய்விட்டார். அன்றைக்குப் பயிற்சியில் பிள்ளைகள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் குடிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? வந்து பார்த்திருக்க வேண்டும்.

டெரன்ஸ்? மாறிவிட்டான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் போன திங்களும் டிவிக்கு முன்னால் அதே தீர்ப்புத்தான். "இன்னும் ரெண்டு மெச்சுக்கு அவன இருத்தி வைக்கணும்!"

"அப்ப ஜெனி?"

"அது வேற அக்கா. இது வேற."

என்ன வேறு? நம் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தால் உரிமை. அடுத்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தால் ஒழுக்கக் கேடு. நம்மில் முக்கால்வாசிப் பேர் டெரன்ஸ்தான், சாரம் மட்டும்தான் வேறு நிறம்.

நேற்று ஆண்கள் அணியின் ஆட்டம். விசில் ஊதப் போகிற நேரம், ஒரு பொடியன் பூட்ஸ் லேஸைக் கட்டுவதற்காகப் புல்லில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்... தவம் அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்:

"டேய் மனே, ஒழும்படா! உனக்கு என்ன வேணுமெண்டு வாயால சொல்லு!"