அவர் வீட்டில் இருந்த கிறிஸ்துமஸ்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு கிறிஸ்துமஸ்கூட என் கணவர் என்னோடு இருந்ததில்லை. அவர் குடிகாரரில்லை, ஊர்சுற்றியுமில்லை. அப்படி இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். அவர் உபதேசியார். இயேசு பிறந்த நாளில் வீட்டில் இல்லாததற்கு இயேசுவையே காரணம் காட்டுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? நான் போட்டேன், அது வேறு விஷயம்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் கோவிலுக்குப் பின்னால் மிஷன் கொடுத்த சிறிய வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கே போவதற்கு மாட்டுவண்டி, அதுவும் இல்லையென்றால் நடைதான். வெலிமடைப் பக்கம், ஹல்துமுல்லைப் பக்கம், பூனாகலைப் பக்கம் என்று பன்னிரண்டு தேயிலைத் தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றிலும் லயங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் ஒரே மனுஷன் ஆராதனை நடத்த முடியாது. ஆகையால் மலையில் கிறிஸ்துமஸ் முறை வைத்து வந்தது. ஒரு தோட்டத்தில் டிசம்பர் பதினெட்டு, இன்னொன்றில் இருபத்தெட்டு, கடைசித் தோட்டத்துக்கு வருஷம் பிறந்து ஒரு வாரம் கழித்து. யாரும் குறை சொன்னதில்லை. உபதேசியார் வருகிற நாள்தான் பண்டிகை என்று லயத்தை மெழுகிக் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள்.

அப்படியானால் இருபத்தைந்தாம் தேதியை மட்டும் எனக்குக் கொடுக்கலாம் அல்லவா? நான் கேட்டது அவ்வளவுதான். கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான் உட்காருவோம். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லவில்லை. பாட்டுக்கு நடுவில் தலையைத் தூக்கினால் அந்தப் பக்கம் அவருடைய முதுகு தெரிய வேண்டும். ஆராதனை முடிந்து மற்றப் பெண்கள் புருஷன்மாரோடு வீட்டுக்குப் போகும்போது நானும் ஒருவரோடு போக வேண்டும். இந்தச் சின்ன ஆசையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆனால் இருபத்தைந்தாம் தேதியை அவர் பூனாகலைக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தி. கொழுந்து பறிக்கிற ஒரே ஒரு பெண். திருச்சிப் பக்கத்திலிருந்து சின்னப் பிள்ளையாய் வந்தவள். தகப்பன் தாய் இருவரும் காய்ச்சலில் போய்விட, முருகனைக் கும்பிடுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டவள். ஜெபத்தை மட்டும் விடவில்லை.

"நாப்பது பேர் இருக்கிற தோட்டத்துல ஒரு நாள் முந்தியோ பிந்தியோ கொண்டாடிக்குவாங்க," என்பார். "இந்தப் பொண்ணு தனி ஆளு. இன்ன தேதியிலதான் எங்க சாமி பொறந்தாருன்னு லயம் பூராச் சொல்லி வச்சிருக்கு. நான் தேதி தப்பினா, அது சொன்னதே பொய்யாப் போயிரும்."

"அப்ப என் தேதி?" என்பேன்.

அவர் குடையைத் தேடப் போய்விடுவார்.

மற்றத் தோட்டங்களைப் பற்றியெல்லாம் வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வார். எந்தக் கங்காணி ஜெபத்தில் தூங்கினார், எந்த லயத்தில் பாட்டு எந்த ராகத்துக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "போனேன், நல்லா நடந்துச்சு," என்று இரண்டு வார்த்தை. எனக்கு எரியும். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது; ஆனால் அது பொறாமைதான். முகம் தெரியாத ஒருத்தி என் பண்டிகையை வருஷா வருஷம் எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அதே வாயால் கோவிலில் சமாதானப் பாட்டும் பாடினேன்.

பதினைந்தாவது வருஷம் டிசம்பர் இருபதாம் தேதி அவர் ஹல்துமுல்லையிலிருந்து காய்ச்சலோடு வந்தார். நிற்கக் கால் இல்லை. டாக்டர் மருந்து கொடுத்து, பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்கிறேன், முதலில் பயந்தேன், ஜெபித்தேன், இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் சந்தோஷப்பட்டேன். அதிரசத்துக்கு மாவு இடித்தேன். அச்சுமுறுக்கு சுட்டேன். கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். கோவிலுக்கு வர முடியாவிட்டால் என்ன, ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது ஒரு ஆள் இருப்பாரே. கர்த்தர் என் வழக்கைக் கேட்டுவிட்டார் என்றுதான் எண்ணினேன்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் கஞ்சியை வாங்கிக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"சொல்லாதீங்க," என்றேன்.

"நீ வாசிப்ப. ஜெபம் பண்ணுவ. மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ."

"வேற யாரையாவது அனுப்புங்க."

"யாரு இருக்கா? இருந்தாலும் ஒரு ஆளுக்காக யாரு போவா?"

அன்று நான் பேசிய பேச்சை எழுத மாட்டேன். பேசி முடித்து, அழுது முடித்து, அதிரசத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு துணியில் கட்டினேன். கோவிலில் மணியடிக்கிற கோவில்பிள்ளையின் மனைவி அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். மறுநாள் விடியும்போது மழைத் தூறலில் வண்டி ஏறினேன். சன்னலில் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பண்டாரவளையில் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தங்கினேன். இருபத்தைந்தாம் தேதி காலையில் அந்தத் தோட்டத்துத் தபால்காரர், துரைக்கு வந்த பார்சல்களைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் நடந்தேன். மூடுபனி. அட்டைக்குப் பயந்து காலுக்குச் சோப்பு தடவியிருந்தேன், அட்டைகள் அதை மதிக்கவில்லை. பதுளையில் இந்நேரம் மணி அடித்திருப்பார்கள், அவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைத்து நினைத்து நடந்தேன். எப்போதும் நான் வீட்டில் உட்கார்ந்து அவரை நினைப்பேன்; அன்று நான் வழியில் நடந்து அவரை நினைத்தேன். அவர் இல்லாத கிறிஸ்துமஸ் எனக்குப் பழக்கம்தான். அவர் வீட்டிலேயே இருந்தும் அவர் இல்லாத கிறிஸ்துமஸ் அதைவிடக் கசந்தது.

அன்று தோட்டத்தில் அரைநாள் வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கொழுந்தை எடைபோட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். என் எதிரி வாசலில் நின்றாள். மெலிந்த உடம்பு, முன்பல் ஒன்று இல்லை, வெளுத்த சேலை. என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"ஐயா வரலீங்களா?"

"காய்ச்சல். நான் அவர் வீட்டுக்காரி."

"அம்மாவா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஒருத்திதானே என்று வந்த எனக்கு காம்பிரா என்கிற அந்தச் சின்ன லயத்து அறைக்குள் கால் வைக்க இடமில்லை. லயத்துப் பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள், நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக. நடுவில் ஒரு முறத்தில் பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய், பழைய வெள்ளைத் துணி மடித்து மடித்து. ஒரு மூலையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதெல்லாம் என்ன?"

"பிள்ளை பெத்தவளுக்குங்க," என்றாள் ஒரு கிழவி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். "மாட்டுக் கொட்டகையில, குளிருல, கூட ஒரு பொம்பளை இல்லாமப் பெத்தாளாமே. ஐயாதான் சொன்னாரு. வெறுங்கையோட எப்படிப் பாக்க வர்றது?"

வருஷா வருஷம் அவர்கள் இப்படித்தான் செய்கிறார்களாம். ஆராதனை முடிந்ததும் அந்த மாதம் லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதோ அவளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். மிஷன் பள்ளியில் படித்த என் புத்தி, இது சரியா, சபைக் குருவான ஐயர் கேட்டால் என்ன சொல்லுவார் என்று கணக்குப் போட்டது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே, "தப்புங்களா அம்மா? நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. இதுகளாத்தான் கொண்டாந்துச்சு," என்றாள். பயந்துதான் கேட்டாள். தப்பில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா என்று இன்றைக்கும் தெரியாது.

வேதபுஸ்தகத்தைத் திறந்து, இயேசு பிறந்த அதிகாரத்தை வாசித்தேன். நன்றாக வாசிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. நாலு வரி போகவில்லை, கிழவி கையைத் தூக்கினாள்.

"தொப்புள்கொடி யாரு அறுத்தா?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். அதில் இல்லை. "எழுதலை," என்றேன்.

"ஐயாவும் அப்படித்தான் சொல்லுவாரு. எழுதலை, ஆனா அந்த ஊர்லயும் பொம்பளைங்க இருந்திருப்பாங்க, அழுகுரல் கேட்டு ஒருத்தியாவது ஓடி வந்திருப்பான்னு."

இந்தத் தோட்டத்தைப் பற்றி என் வீட்டில் வாய் திறக்காத மனுஷன் இங்கே இதையெல்லாம் பேசியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அதோடு அவரை உடனே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. ஜெபம் பண்ணினேன். அந்தப் பெண் ஒருத்திதான் ஆமென் சொன்னாள், பலமாக, இருபது பேருக்கும் சேர்த்து.

முடிந்ததும் அவள் ஒரு சிறிய தட்டில் மருந்துருண்டை கொண்டுவந்தாள். சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டியில் பிடித்தது. பேறுகாலத்துக்குப் பிறகு கொடுப்பது. "ஐயா ஆம்பளை, அவருக்குக் குடுக்க முடியாது. இந்த வருசம் மொத உருண்டை உங்களுக்குத்தான். அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்லை," என்றேன்.

அவள் தட்டைப் பின்னால் இழுக்கப் போனாள். "ஐயா ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே," என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினான்கு வருஷமாக அவர் "போனேன், நல்லா நடந்துச்சு" என்று முடித்துக்கொண்டதற்கு, ஒரு தடவைகூட என்னைக் கூட்டிக்கொண்டு வராததற்கு, இந்த முறமும் இந்தத் துணியும்தான் காரணம். நான் கையை நீட்டி உருண்டையை எடுத்து வாயில் போட்டேன். காரம் கண்ணில் ஏறியது. அது காரத்தால் வந்த கண்ணீர் என்று அவர்கள் நினைத்திருக்கலாம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. உள்ளே பலகாரத் தட்டு நான் வைத்தபடியே மூடியிருந்தது.

"சாப்பிடலையா?"

"தனியா எப்படிச் சாப்பிடுறது?" என்றார். பிறகு, "மணி அடிச்சதும் எல்லாரும் குடும்பம் குடும்பமாப் போனாங்க. சன்னல்ல பாத்துக்கிட்டே இருந்தேன். வீடு ஒரே வெறிச்சுனு ஆயிருச்சு. இத்தனை வருசமும் இப்படியா இருந்த?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பதினான்கு வருஷம் காத்திருந்தேன். இப்போது அது வந்துவிட்டது. நான் மூட்டையைக்கூட இறக்காமல், "நான் வருசா வருசம் இருந்தேன். நீங்க ஒரு நாள்தானே இருந்தீங்க," என்றேன்.

"ஆமா," என்றார். "ஒரு நாளே தாங்கலை."

மருந்துருண்டை சாப்பிட்டதைச் சொன்னேன். "வர்ற வருசம் ரெண்டு பேரும் சேந்தே போவோம்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை. அவருக்குப் பின் வந்த உபதேசியார் நல்ல பிள்ளைதான்; ஆனால் ஒரு ஆளுக்காக இருபத்தைந்தாம் தேதியை ஒதுக்க முடியாது என்று அந்தத் தோட்டத்தை ஜனவரிக்குத் தள்ளிவிட்டார். நான் தள்ளவில்லை. கால் ஒத்துழைத்தவரை ஒவ்வொரு இருபத்தைந்தாம் தேதியும் நானே போனேன். அவளுக்கு முன்பல் எல்லாம் போயிற்று, எனக்கு முடி நரைத்தது, தேதி தப்பவில்லை.

இப்போது மலை ஏற முடியாது. கோவிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாட்டுக்கு நடுவில் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அன்று வாசலில் அந்தப் பதிலைச் சொல்லாமல் பேசாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். பெஞ்சில் இடம் இருந்தது. பரலோகத்தில் கிறிஸ்துமஸ் உண்டா என்று எத்தனையோ ஐயர்மாரிடம் கேட்டுவிட்டேன், ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இருக்குமானால், அன்று ஒரு நாள் அவரை எங்கும் அனுப்பக் கூடாது என்று கர்த்தரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.