குடைக்காரர் ஊதிய விசில்

குடை தைப்பவருக்கு மேகம் என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மனிதரும் அதற்கேற்றபடிதான் இருந்தார். அடுப்படியில் உட்கார்ந்து வளைந்த குடைக்கம்பிகளை நிமிர்த்துவார், இடையிடையே விறகைத் தள்ளிவிடுவார், புகை கூரைக்கு ஏறுவதை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் புகையில் கப்பல் போகும், மலை கரையும். அதற்குள் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும்.

சமையல் அவர் பாடு. மனைவி பஸ் கண்டக்டர், விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவாள். அவள் வண்டி அந்தத் தெருவழியாகத்தான் போகும், வரும். கல்யாணமான புதிதில் அவளுடைய பழைய விசிலை வைத்துக்கொண்டு, வண்டி கடக்கும்போது சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு முறை ஊதுவார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. போய் வா என்று அவர் சொல்கிற விதம் அது. ஒருநாள் அவள் கீழே இறங்கி ஆளேற்றிக்கொண்டிருக்கும்போது, அதை நம்பி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட, இவள் டிக்கெட் பையும் கையுமாக ரோட்டில் நின்றாள். அன்று மேகம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லி மாளாது.

பிறகு, ஜன்னல் வழியாக வரும் புகையால் கொடியில் காயப்போடும் துணியில் கரி படிகிறது என்று பக்கத்து வீட்டம்மா முகம் சுளித்தாள். மேகத்துக்கு யாரோடும் பொல்லாப்பு ஆகாது. ஜன்னலைச் சாத்தினவர் சாத்தினவர்தான், வருஷக்கணக்காகத் திறக்கவே இல்லை. விசில் ஆணியில் தொங்கியது. புகை உள்ளேயே சுற்றியது, அவருக்குக் கனவு காணக் கூடுதல் மேகம் கிடைத்தது. என்ன மனிதரோ!

இருமல் வந்தது. நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். காற்று போதவில்லை. எத்தனை வருஷமாக சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். தொட்டதே இல்லை என்றார் மேகம். டாக்டர், கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார், மனைவி மேகத்தைப் பார்த்தாள். இருமலைவிட அந்தப் பார்வைதான் அவரை வாட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். எல்லாவற்றிலும் புகை நாற்றம். வருஷக்கணக்காக அவளுக்குப் பழகிய வாசனைதான், சந்தேகம் வந்த பிறகு வேறாகிவிட்டது.

"எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே," என்றாள்.

"நீயே நம்பலைன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார் அவர்.

மறுநாள் லீவு போட்டு, அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு அவளே அடுப்பு மூட்டினாள். ஜன்னல் எப்போதும்போல் சாத்தியே இருந்தது. உலை கொதிப்பதற்குள் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தாள். முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தவள் அப்படியே நின்றாள். அவர் சட்டையில் இருந்த அதே நாற்றம்.

நேராகப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "உங்களையா சந்தேகப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்று அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும், அடைத்த அறையில் விறகுப் புகை ஒன்றே போதும் என்றார் டாக்டர். போன மூச்சு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டம்மாவோ, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடியை மாற்றிக் கட்டியிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றே மாற்றியும் கட்டினாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் மேகம் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

கேஸ் அடுப்பு வந்தது, ஜன்னல் திறந்தது. அண்ணாந்து பார்க்க இப்போது நிஜ மேகமே இருந்தது. ஒரு காலையில் விசிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். வண்டி வந்தது. முடிந்தமட்டும் மூச்சை இழுத்து ஊதினார். முதல் விசில் கேட்டது. இரண்டாவதற்கு வெறும் காற்றுதான் வந்தது.

ஒற்றை விசிலைக் கேட்ட ஓட்டுநர் பிரேக் போட்டுவிட்டார். என்னவோ ஏதோ என்று பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். படியில் நின்றிருந்த அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, விசிலும் வாயுமாக, அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தார் மேகம்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த ஒரு விசிலைத் தானே ஊதினாள். வண்டி கிளம்பியது.