பானட்டுக்குள் ஒரு பொட்டலம்

மார்ச் மாதம், இரண்டாம் வியாழக்கிழமை, மாலை. ஓசூரிலிருந்து கெலமங்கலம் செல்லும் சாலையில் ஒரு பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்தது. வண்டி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மோதல் எதுவும் இல்லை. பின்னால் வந்த கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர் கண்ணாடியை உடைத்து, காரை ஓட்டியவரை வெளியே இழுத்தார். அவர் சனிக்கிழமை பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் இறந்தார். பெயர் முகிலன். வயது முப்பத்தாறு. என் மகன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் சேலத்திலிருந்து மறுபடியும் ஓசூர் புறப்பட்டேன். காரியங்கள் முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு, மருமகள் சுகந்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

ஓசூரில் அவர்கள் குடியிருக்கும் மனைப்பிரிவு சில ஆண்டுகளுக்கு முன்புவரை கேழ்வரகுக் கொல்லை. கொல்லை போன பின்னும் எலிகள் போகவில்லை. நிறுத்திவைத்த கார்களின் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே ஏறி வயர்களைக் கடிக்கின்றன. ஆகவே அந்தத் தெருவில் அமாவாசைதோறும் வண்டிக்கு முன்னால் எலுமிச்சை மிளகாய் கட்டுகிற கையோடு, பானட்டைத் திறந்து உள்ளே ஒரு பொட்டலமும் கட்டுவார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் துடைக்கும் பனியன் துணியில் அந்துருண்டையும் புகையிலைக் காம்பும் முடிந்த பொட்டலம். முகிலனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கட்டி வந்தவள் சுகந்தி.

"அதுல தீப்பிடிச்சிருக்குமா மாமா? நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. எனக்காக மாத்திச் சொல்லாதீங்க."

அந்துருண்டை எரியக்கூடியது. கல்லூரியில் அதைப் பாடமாக நடத்தியவன் நான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

காலை ஆறு மணிப் பேருந்து. தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கிருந்து ஓசூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மாந்தோப்புகளும் கிரானைட் பட்டறைகளும் கடந்த பின், சாலையை கன்டெய்னர் லாரிகள் எடுத்துக்கொள்கின்றன. சூளகிரிக்குச் சற்று முன்னால் சாலையின் இடது ஓரம் ஒரு லாரி நீளத்துக்குக் கரிந்து கிடந்தது. என் பக்கத்து இருக்கையில் தருமபுரியில் ஏறிய ஒருவர். வால்வு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார்.

"பஞ்சு லோடுங்க. போன வாரம் நின்னு எரிஞ்சுது," என்றார்.

"காரணம் தெரிஞ்சுதா?"

"வெயிலுதாங்க. வேற என்னா?"

நடத்துனர் முன்னாலிருந்து திரும்பினார். "வெயில்ல எரியறதுன்னா மொதல்ல உன் மண்டதான்யா எரியணும். வீல் ஜாமாகிச் சூடேறியிருக்கும். பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்திருப்பான்."

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் நாகராஜப்பா காத்திருந்தார். முகிலனின் காருக்கு வயரிங் வேலை பார்த்து வந்தவர். கைப்பேசியில் கன்னடத்தில் பேசி, தெலுங்கில் யாரையோ திட்டி, என்னிடம் தமிழுக்கு வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில் கெலமங்கலம் சாலையில் போனோம். தொழிற்சாலை மதில்கள் முடிந்து, ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள் தொடங்கின.

"இங்கதான் சார். நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்."

காவல் நிலையத்தின் பின்புறம், மணல் லாரிகளுக்கு நடுவில் கார் நின்றது. இருக்கைகளில் சுருள்கம்பிகள் மட்டும் இருந்தன. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வேண்டியதை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று காவலர் சொல்லி, எங்களைப் பார்க்க அனுமதித்தார். நாகராஜப்பா குனிந்து நிதானமாகச் சுற்றி வந்தார்.

"டேஷ்போர்டு சுத்தமாப் போயிடுச்சு. முன்னாடி பாருங்க, பெயிண்டு கூட மிச்சமிருக்குது. உள்ள இருந்துதான் வந்திருக்கணும்."

"வயரா?"

"எலி கடிச்ச வயரா இருக்கலாம். அவரு கூடுதலா போட்ட லைட்டு வயரா இருக்கலாம். பெட்ரோல் ஓஸ் கசிஞ்சிருந்தா முன்பக்கம் இப்பிடி மிஞ்சாது. லேப்காரங்க சொல்லட்டும் சார். தெரியாதத தெரியும்னு சொல்ல ஊர்ல வேற ஆளுங்க இருக்காங்க."

முன்விளக்குக்குப் பின்னால் பொட்டலம் கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளித்துணி கருகி ஓடாக இறுகியிருந்தது. விரலால் பிளந்தேன். அந்துருண்டை சூட்டில் ஆவியாகிப் போயிருந்தது. புகையிலைக் காம்புகள் பழுப்பு நிறம் மாறாமல் இருந்தன. தீ இங்கே தொடங்கியிருந்தால் அவை மிஞ்சியிருக்க முடியாது. இதைவிடத் தெளிவான சான்று கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. நாகராஜப்பா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தார். கை கழுவிக்கொண்டேன்.

பகல் உணவு சுகந்தியின் வீட்டில். இலை போட்டிருந்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"உன் பொட்டலத்தால இல்லம்மா. உள்ள வச்ச காம்பு கூட எரியல. டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான் ஆரம்பிச்சிருக்கு. எலி கடிச்ச வயரா இருக்கலாம்."

அவள் முகம் ஒரு கணம் தளர்ந்தது. வந்த வேலை முடிந்தது, ஊர் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

"டேஷ்போர்டுக்கு அடியிலயும் ஒண்ணு கட்டுன்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க மாமா. நாத்தம் தாங்காதுன்னு இவரு வேணாம்னாரு. நானும் விட்டுட்டேன். கட்டியிருந்தா எலி வந்திருக்காதில்ல?"

இலை முன் உட்கார்ந்தேன். அவள் சாம்பார் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

மாலைப் பேருந்தில் சேலம் திரும்பினேன். எங்கள் தெருவில் யாரும் வண்டிக்குள் பொட்டலம் கட்டுவதில்லை. அங்கு ஒரு கார் எரிந்தால், கட்டியதாலா கட்டாததாலா என்று கேட்காமல், எரிந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியும். காரணம் கிடைத்தால் கேள்வி அடங்கும் என்று எண்ணித்தான் காலையில் புறப்பட்டிருந்தேன்.

செய்யாமல் விட்டவை:

ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குவது.

கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநரைத் தேடி நன்றி சொல்வது.

சுகந்தியைச் சில நாள் சேலத்துக்கு அழைப்பது.

இரண்டாவது பொட்டலம் கட்டியிருந்தாலும் எலி வந்திருக்கும் என்று அவளிடம் சொல்வது. அதற்கு முன், அது உண்மைதானா என்று தெரிந்துகொள்வது.