சீனிப் போத்தல்

அந்தப் போத்தலை அங்கே வைத்தவன் நான். ரவி அல்ல. நான்!

மூன்று வருடங்களாக இந்த ஒரு வரியை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் ரவியின் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை என்ற தைரியந்தான். பார்த்தீர்களா... ஒப்புக்கொள்ளும்போதும் ஒளிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறேன்!

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. லண்டனில் தமிழ் விழா எங்கு நடந்தாலும் மைக்கைப் பிடித்துச் சனத்தைச் சிரிக்க வைப்பவன். அந்த வாய்க்கொழுப்பில்தான் படமெடுக்கப் புறப்பட்டேன். அதுவும் என்ன படம்? பழைய வியன்னாப் பாணி இசைநாடகம் ஒன்றைத் தமிழில்! சுழல் நடனம், சாம்பெய்ன், பொய்க்கோபம்... அதில் வரும் பிரபுவை, லண்டன் ரெய்னர்ஸ் லேன் கடை முதலாளியாக்கினேன். மாளிகையைக் கலியாண மண்டபமாக்கினேன்.

மூலக் கதையில், பிரபுவின் மனைவியோடு ஆடிய இராணுவ அதிகாரி, பிரபுவின் முகத்தில் ஒரு கிண்ணம் சாம்பெய்னை ஊற்றுவான். வன்முறை அவ்வளவுதான். முடிவில் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துக் கைகோத்து ஆடுவார்கள். அந்த வகை நாடகங்களுக்கு அதுதான் சட்டம்.

எனக்கு அது போதவில்லை. "எங்கடை சனம் அடிதடி இல்லாமல் படம் பாக்குமோ?" என்றேன். 'ஊற்றுகிறான்' என்பதை வெட்டிவிட்டு, 'போத்தலால் அடிக்கிறான்' என்று எழுதினேன். என் பேனாவால்தான் எழுதினேன்!

பிரபுவாக என் சிநேகிதன் குலம். நிஜத்திலும் கடை வைத்திருப்பவன். அதிகாரியாக ரவி, குலத்தின் தங்கையைக் கட்டியவன். மச்சான்மார் இருவரும் ஒரே கோப்பையில் தேநீர் குடிக்காத குறை.

என் மனைவி சீனியைக் காய்ச்சி வார்த்து ஆறு பச்சைப் போத்தல்கள் செய்து தந்தாள். தடிப்பாக வார்த்ததால் பாரம் அசல் போத்தலைப்போலவே இருக்கும். தலையில் பட்டால் அப்பளமாய் நொறுங்கும். ஒத்திகையில் மூன்று போயிற்று. மிச்சம் மூன்றையும் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று மண்டபத்துக் குசினியில் வைத்தேன். எங்கே? இடியப்பம் அவிந்துகொண்டிருந்த பானைக்குப் பக்கத்தில்! படப்பிடிப்பென்றால் என்ன, எங்களுக்குச் சாப்பாடு சூடாக வேண்டுமே.

நாலேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றும் ஆவியில் இளகி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, குடிவெறிகாரர்போல நின்றன. ஐந்து மணிக்கு மண்டபத்தை விட வேண்டும். அடுத்த கொண்டாட்டக்காரர் பலூன்களோடு வாசலில் நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கழிப்பறைக்கு ஓடினேன். இரண்டு தரம்! அங்கே கண்ணாடியைப் பார்த்து "கட்!" என்று கத்திப் பார்த்தேன்.

பிறகு, இளகிய மூன்றையும் குப்பைப் பைக்குள் தள்ளிவிட்டு, அதற்குள் கிடந்த பச்சைப் போத்தல் ஒன்றை எடுத்தேன். அசல் கண்ணாடி. என் தலையில் மெல்லத் தட்டினேன். டொக். 'அவ்வளவு நோகவில்லையே' என்று எனக்கே பொய் சொன்னேன். கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தேன். இடப்பக்கம், ஊற்றிக் குடிக்கும் காட்சிக்கான கண்ணாடிப் போத்தல். வலப்பக்கம், சீனிப் போத்தல் இருக்கவேண்டிய இடத்தில்... இது.

"அண்ணை, வலப்பக்கம்தானே சீனி?" என்று ரவி கேட்டான்.

"ஓமடா. ஓங்கிப் போடு! அவன்ரை தலைக்கை உடையிறதுக்கு ஒண்டுமில்லை."

"போடு மச்சான்," என்று குலம் சிரித்தான். "சீதனம் குறைஞ்ச கோவத்தையும் சேர்த்துப் போடு!"

ரவி அடித்தான்.

போத்தல் உடையவில்லை. குலத்தின் வாய் மட்டும் பிளந்தது. நடிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்? எனக்குத் தெரியும்! தெரிந்தும், என் வாய் கத்தியது: "உடையேல்லை! இன்னொருக்கா!"

இரண்டாவது அடி புருவத்தில் விழுந்தது. போத்தல் வெடித்தது. குலம் முகத்தைப் பொத்திக்கொண்டு முழந்தாளில் விழுந்தான். விரலிடுக்கில் இரத்தம் கொப்பளித்து, வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கோட்டில் இறங்கியது. போத்தலின் உடைந்த கழுத்து ரவியின் கையில். ஸ்பீக்கரில் நடன இசை ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் 'கட்' சொல்லவில்லை. காட்சி நன்றாக வந்துகொண்டிருந்தது... ஐயோ, அப்படித்தான் நினைத்தேன்!

ஆஸ்பத்திரி நடைபாதையில் ரவி என் கையைப் பிடித்தான். "அண்ணை, நான்தான் மாறி எடுத்திட்டன் என்ன? இடப்பக்கத்தை எடுத்திட்டன் என்ன?"

ஒரு சொல். 'இல்லையடா' என்ற ஒரே சொல். நான் அவன் தோளில் கை வைத்துச் சொன்னேன்: "விடடா. பதட்டத்திலை ஆருக்கும் நடக்கும்."

அவனை மன்னித்தேன்! என் குற்றத்துக்கு அவனை, நான், பெருந்தன்மையோடு மன்னித்தேன்!

குலத்தின் இடது கண் போய்விட்டது. ரவியைப் பிறகு அவன் வாசற்படி ஏறவிடவில்லை. தங்கையோடும் பேச்சில்லை. நான் கடைக்குப் போனால் மட்டும் தேநீர் வரும்.

"முதலடியிலேயே அவனுக்குக் கண்ணாடியெண்டு தெரிஞ்சிருக்கும்," என்பான். "தெரிஞ்சுதான் ரெண்டாந்தரம் அடிச்சவன். நீ ஒருத்தன்தானடா வந்து என்னைச் சிரிக்க வைக்கிறாய்."

நான் தேநீரைக் குடிப்பேன். பகிடி விடுவேன். எழும்பி வருவேன்.

போன மாதம் ரவியின் மகள் பெரியபிள்ளையானாள். தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வரவேண்டும். மாமன் குலமோ வரப்போவதில்லை. ரவி என்னை அழைத்தான்.

"அண்ணை, மாமன்ரை இடத்திலை நீங்கள் நிக்க ஏலுமோ?"

"ஓம்" என்றேன். வேறு எதைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

வால்தம்ஸ்டோவில், அவர்களின் வீட்டுப் பின்வளவில், பிள்ளை நடுங்கியபடி இருந்தாள். நான் அவளுடைய தலையில் பாலும் அறுகும் வைத்தேன். தேங்காயை எடுத்துக் கல்லில் அடித்தேன். உடையவில்லை.

"இன்னொருக்கா அடியுங்கோ, அண்ணை," என்றாள் ரவியின் மனைவி. அவளுடைய பார்வை பக்கக் கதவிலேயே இருந்தது, தமையன் வந்துவிடுவான் என்பதுபோல.

அடித்தேன். வெடித்தது.

"சரிபாதி! நல்ல சகுனம்!" என்றார் யாரோ. நான் உடனே ஒரு பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ரவியும் சிரித்தான்... தேங்காய் வெடித்த கணத்தில் தன் இடது கண்ணைப் பொத்திய கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.