சாராயத்தில் போட்ட உண்ணிகள்

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு உண்ணி என்றாலே அருவருப்பு. உண்ணிகளை ஆராய்ந்துதான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார், அது வேறு விஷயம். எண்பதுகளின் பின்பாதியில் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அவர் நுண்ணோக்கியில் கண் வைத்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு மாடுகளிலும் பக்கத்து ஊரான போலகத்து ஆடுகளிலும் என் கையாலேயே உண்ணி பிடுங்கினேன். இரண்டும் வேறு வேறு இனம் என்று எனக்குப் பட்டது. வாயிலுள்ள பற்களின் வரிசை ஒத்துப்போகவில்லை. ஆண் உண்ணியின் முதுகுத் தகடும் வேறாக இருந்தது.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ரத்தம் குடிச்சது பெருசா இருக்கும், குடிக்காதது சின்னதா இருக்கும்" என்றார் பேராசிரியர். குழந்தைக்குச் சொல்வது போல. தன் பழைய ஆய்வில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து எழுதியவர் அவர். நான் சொல்வது சரியென்றால் அவர் எழுதியது தப்பு. என் பட்டமோ அவர் கையெழுத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி கருத்தரங்குக்கு வந்தார். மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தால் எந்த உயிர் எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கலாம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. உண்ணிகளை அனுப்பினால் படித்துத் தருவதாகவும் சொன்னார். ஆனால் ஃபார்மலினில் போட்டால் மரபணு கெட்டுவிடும், கடுமையான ஸ்பிரிட்டில்தான் போட வேண்டும்.

கல்லூரியில் இருந்த உண்ணி அத்தனையும் ஃபார்மலினில் கிடந்தது. ஸ்பிரிட் அலமாரியின் சாவி பேராசிரியரின் சட்டைப் பையில். கேட்டேன். "ஸ்டாக் தீந்துபோச்சு" என்றார், அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அந்த நிமிஷம் அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊரில் சாராயத்துக்கா பஞ்சம்? சித்தப்பாவிடம் சொன்னேன். மறுநாளே நாலு பாட்டில் கொண்டுவந்து இறக்கினார். "பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல இது பட்டா என்னத்தச் சொல்றது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் கலந்திருக்குமோ என்று நான் கேட்டதில் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்மூரு சரக்குலயா? தொண்டையில நெருப்பா எரியும், போ!" ஊர்ப் பெருமையை நம்பி உண்ணிகளை அதில் போட்டு அனுப்பிவைத்தேன்.

சில மாதம் கழித்து பெங்களூருக்கு நேரில் போனேன். "என்னங்க ஸ்பிரிட் இது? பாதிக்குப் பாதி தண்ணி" என்றார் விஞ்ஞானி. மரபணு நைந்துபோயிருந்தது. செல்லுக்குள் நிறைய நகல்கள் இருப்பதால் தப்பித்த ஒரே ஒரு துண்டைத்தான் படிக்க முடிந்ததாம். அந்தத் துண்டு இரண்டு உண்ணியிலும் ஒன்றுபோல இருந்தது. என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "இது ரொம்ப மெதுவா மாறுற துண்டு. தூரத்துச் சொந்தத்தைப் பிரிச்சுக் காட்டும், அக்கா தங்கச்சியப் பிரிக்காது. புதுசா உண்ணி கொண்டுவாங்க, வேற துண்டைப் படிப்போம்."

பேராசிரியர் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். "பாத்தியா, ஒண்ணுதான்!" மறுபடி சேகரிக்க அனுமதி கேட்டேன். ஆய்வுக் காலம் முடிந்துவிட்டது என்றார். ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியிருந்தேன்: இந்தத் துண்டு ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரண்டும் ஒரே இனம் என்று முடிவு செய்ய முடியாது. அதன் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"இத எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடுறேன்."

"அது உண்மை சார். எடுக்க மாட்டேன்."

"அப்ப பட்டம் வேணாம்னு சொல்லு."

எடுக்கவில்லை. பட்டம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். மரபணுவே தன் பக்கம் என்று அவர் மேடைக்கு மேடை பேசிக்கொண்டு திரிந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பிறகு ஒருநாள் அவர் செத்துப்போனார். கல்லூரியே மாலையோடு திரண்டு போனது. எனக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவர் வீடு. நான் போகவில்லை.